ஓடும் வண்டியில் ஃபோர் வீல்: ஜிம்னியின் சின்ன லீவரைப் பற்றி ஒரு மதிப்புரை

மாருதி சுஸுகி ஜிம்னியைப் பற்றி இதுவரை வந்திருக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் தோற்றத்தையும், நெடுஞ்சாலையில் அது ஓடும் விதத்தையும், பின்னிருக்கையின் இடத்தையும், விலையையும் பேசி முடித்துவிடுகின்றன. கியர் லீவருக்குப் பின்னால் நின்று, எஞ்சினின் இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பும் (ஃபோர் வீல்) இன்னொரு சின்ன லீவருக்கு அவற்றில் ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. இந்த வண்டியை வாங்குவதற்கு நியாயமான காரணம் என்று ஒன்று இருந்தால் அது அந்த லீவர்தான் என்பது என் உறுதியான கருத்து. அதை எந்த வேகத்தில் போடலாம், போடும்போது வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது, எங்கே போடவே கூடாது என்பதெல்லாம் தெரியாமலேயே வண்டியை வைத்திருப்பவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஆகவே இந்த மதிப்புரை அந்த லீவரைச் சுற்றியே இருக்கும். மற்றவற்றைத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

எங்களுக்குக் கோத்தகிரிக்குக் கீழே சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடியும் இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரைக்கும் மண் ரோடுதான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஓடைக்குள் இறங்கும் பள்ளம். கூடலூர், தேவாலா பக்கத்தில் ஆடி மாதத்து மழை வெளுத்து வாங்கும் என்றால், எங்கள் பக்கத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மழைக்காலம். அந்த மாதங்களில் செம்மண் ஊறிக் களியாகி, டிராக்டர் போன தடங்களில் தண்ணீர் தேங்கி, நடந்து போகிறவர்களே கால் வழுக்கி விழும் அளவுக்கு ரோடு மாறிவிடும். ஐந்து கியர் மேனுவல் ஜிம்னியை இந்த ரோட்டுக்காகவே வாங்கினேன். தோட்ட வேலைக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவது, உர மூட்டை கொண்டுபோவது, மாலையில் கடைத்தெருவுக்குப் போய் வருவது எல்லாம் இந்த ஒரே வண்டியில்தான்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின், சுமார் 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. தனிச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்த உடல், முன்னும் பின்னும் ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸில்கள் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சுகள்), அவற்றின் மேல் காயில் ஸ்பிரிங்குகள். சாதாரணமாக ஓடும்போது வண்டி பின் சக்கரங்களால் மட்டுமே தள்ளப்படுகிறது. அந்த நிலைக்கு லீவரில் 2ஹெச் என்று குறித்திருக்கிறார்கள். 4ஹெச் என்பது அதே வேகத்தில் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. 4எல் என்பது வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இழுவையை இரட்டிப்பாக்கும் நிலை. இவற்றில் எதையும் வண்டி தானாகத் தேர்ந்தெடுக்காது. சறுக்குகிறதா, சறுக்கப் போகிறதா என்று பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவருடையது.

2ஹெச்சிலிருந்து 4ஹெச்சுக்கு மாற வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. மணிக்கு 100 கி.மீ. வேகம் வரை ஓட்டத்திலேயே மாற்றலாம் என்று சுஸுகி நிறுவனம் சொல்கிறது. நான் அந்த வேகத்தில் முயன்றதில்லை, முயலவும் மாட்டேன், 100 கி.மீ. வேகத்தில் போகக்கூடிய ரோட்டில் 4ஹெச் தேவைப்படும் சூழ்நிலை நம் ஊரில் வரவே வராது. நான் மாற்றுவது பெரும்பாலும் 15 முதல் 30 கி.மீ. வேகத்துக்குள்தான். அந்த வேகத்தில் ஒரு முறைகூட லீவர் முரண்டு பிடித்ததில்லை.

போடும் முறை எளிமையானது, ஆனால் ஒரு வரிசை இருக்கிறது. ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களும் ஒரே வேகத்தில் உருண்டுகொண்டிருக்க வேண்டும். அதாவது பின் சக்கரம் ஏற்கெனவே சறுக்கிச் சுழலத் தொடங்கியிருக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டி தன் போக்கில் உருளும் அந்த நொடியில் லீவரை இழுக்க வேண்டும். கிளட்சை மிதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மிதித்தாலும் தவறில்லை, கொஞ்சம் மென்மையாக விழும். உள்ளங்கையில் முதலில் ஒரு சிறு தயக்கம் தெரியும், ரப்பரை அழுத்துவது போன்ற எதிர்ப்பு; அடுத்த கணம் அந்த எதிர்ப்பு விலகி, அடியிலிருந்து மெல்லிய ‘டக்’ என்ற சத்தத்தோடு லீவர் தன் இடத்தில் போய் உட்காரும். மீட்டரில் 4டபிள்யூடி விளக்கு சில விநாடிகள் சிமிட்டிவிட்டு நின்று எரியும். நின்று எரிந்த பிறகுதான் நான்கு சக்கரமும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சிமிட்டிக்கொண்டிருக்கும்போதே சேற்றில் இறக்கிவிடுவது சரியல்ல. லீவர் மாறிவிட்டாலும் முன் சக்கரங்கள் இன்னும் இணையாமல் இருக்கலாம்.

இந்த இடைவெளி ஏன் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் லீவரோடு சண்டை போட வேண்டியிருக்காது. 2ஹெச்சில் ஓடும்போது முன் சக்கரங்கள் ஆக்ஸிலிலிருந்து விடுபட்டுத் தனியாக உருண்டுகொண்டிருக்கின்றன. முன் டிஃபரன்ஷியலும் (திருப்பத்தில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்பு), அதற்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டும் சும்மா கிடக்கின்றன. லீவரை இழுத்ததும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, சும்மா கிடக்கும் முன் ஷாஃப்ட்டைப் பின் ஷாஃப்ட்டின் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளங்கையில் தெரியும் தயக்கம் அந்த வேலையின் அடையாளம். இரண்டு, வேகம் ஒத்துப்போனதும் பல்லும் பல்லும் பொருந்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் அந்த ‘டக்’. அதற்குப் பிறகு எஞ்சினிலிருந்து வரும் வெற்றிட இழுப்பு குழாய்கள் வழியாக முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்புக்குப் போய், அங்கிருக்கும் பூட்டை நகர்த்திச் சக்கரத்தையும் ஆக்ஸிலையும் சேர்க்கிறது. விளக்கு சிமிட்டுவது இந்தக் கடைசி வேலை முடியும் வரைக்கும்தான். பின் சக்கரம் சறுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும்போது லீவரை இழுத்தால் முதல் வேலையே நடக்காது. முன் ஷாஃப்ட் ஒரு வேகத்திலும் பின் ஷாஃப்ட் அதைவிடப் பல மடங்கு வேகத்திலும் சுற்றும்போது பற்கள் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் வலுக்கட்டாயமாக லீவரை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இழுக்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் பெட்டியைத் திறந்து சரிசெய்வது சில்லறைச் செலவு அல்ல.

பழைய வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இந்த வசதியின் அருமை நன்றாகவே புரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்புகளில் முன் ஆக்ஸில் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தது. தேவையில்லாத நேரத்தில் பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம். அமெரிக்காவில் 1948-ல் தொடங்கப்பட்ட வார்ன் நிறுவனம், போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்காக முன் சக்கரத்தை விடுவிக்கும் ஹப்புகளைச் செய்து விற்றுத்தான் பெயர் வாங்கியது. நம் நாட்டில் 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் அதே வகை ஹப்புதான். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் திருகைக் கையால் திருப்பி ‘ஃப்ரீ’ நிலையிலிருந்து ‘லாக்’ நிலைக்குக் கொண்டுவந்தால்தான் உள்ளே இருக்கும் லீவருக்கு வேலை. ஹப்பைப் பூட்ட மறந்து சேற்றுக்குள் இறங்கிவிட்டால், கணுக்கால் வரை சேற்றில் நின்று, மண் அப்பியிருக்கும் திருகைத் துடைத்து, இரண்டு பக்கமும் போய்த் திருப்பிவிட்டு வர வேண்டும். மழைக்காலம் தொடங்கியதுமே ஹப்பைப் பூட்டி, மழை முடியும் வரை அப்படியே விட்டுவிடுவது ஜிப்ஸிக்காரர்களின் வழக்கம். அப்படிப் பூட்டியிருந்தால் முன் ஷாஃப்ட் ஏற்கெனவே சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் லீவரை இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழும். ஹப்பைப் பூட்டிய ஜிப்ஸியில் ஓட்டத்திலேயே ஃபோர் வீல் போட்டுப் பழகியவர்கள், ஜிம்னியின் லீவரில் தெரியும் அந்தச் சிறு தயக்கத்தைக் குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது குறையல்ல; ஜிப்ஸியில் இறங்கிச் செய்த வேலையை இங்கே வண்டியே செய்துகொள்கிறது, அதற்கு ஓரிரு விநாடி எடுத்துக்கொள்கிறது.

லீவரா, பொத்தானா என்ற கேள்வியையும் இங்கேயே பேசிவிடலாம். இதற்கு முந்தைய தலைமுறை ஜிம்னியில் பிற்காலத்தில் லீவரை எடுத்துவிட்டு டேஷ்போர்டில் பொத்தான்களை வைத்தார்கள். 2018-ல் ஜப்பானில் நான்காம் தலைமுறை வந்தபோது சுஸுகி மறுபடியும் லீவருக்கே திரும்பியது. கார் உலகம் முழுவதும் லீவரிலிருந்து பொத்தானுக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு நிறுவனம் எதிர்த்திசையில் நடந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில் திருகும் குமிழ் இருக்கிறது; நண்பர் ஒருவருடைய வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்கிறது, ஓட்டத்திலேயே மாறுகிறது. ஆனால் குமிழைத் திருப்பிய பிறகு மோட்டார் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை. விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். லீவரில் அந்தச் செய்தி நேராகக் கைக்கே வருகிறது. பல் பொருந்தியதா, உரசுகிறதா, பாதியில் நிற்கிறதா என்பதை விளக்கைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். மோட்டாரும் வயரும் இல்லாததால் தண்ணீர் புகுந்து கெட்டுப்போகும் பொருள் ஒன்று குறைகிறது என்பதும் தோட்டத்து வண்டிக்குச் சின்ன விஷயம் அல்ல. மஹிந்திரா தாரிலும் லீவர்தான்; 2020-ல் வந்த தார் எஞ்சின் பலத்தில் ஜிம்னியைவிட மிகவும் மேலே இருக்கிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் லீவர் ஜிம்னியினுடையதைவிடக் கனமானது, இழுப்பதற்குக் கொஞ்சம் தோள் பலமும் வேண்டும். என் மனைவியும் இந்த வண்டியை ஓட்டுகிறார் என்பதால் எனக்கு அது ஒரு கணக்கு.

இனி, ஓட்டத்தில் போட முடிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். சேற்று ரோட்டில் வண்டியைக் காப்பாற்றுவது பாதி டயர் என்றால் பாதி ஓட்டம். உருண்டுகொண்டிருக்கும் வண்டி பத்தடிச் சேற்றைத் தன் வேகத்திலேயே கடந்துவிடும். அதே சேற்றின் நடுவில் நின்றுவிட்ட வண்டியைக் கிளப்புவதற்கு இரண்டு மடங்கு பிடிமானம் வேண்டும். எங்கள் ரோட்டில் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி ஒரு மேடு ஏறுகிறது. மேட்டின் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். பாலத்தில் நிறுத்தி ஃபோர் வீல் போட்டுவிட்டு ஏறலாம் என்றால், ஏறுவதற்கு வேண்டிய ஓட்டம் கையில் இல்லாமல் போய்விடும். போடாமல் ஏறலாம் என்றால் மேட்டின் பாதியில் பின் சக்கரம் குழி பறிக்கத் தொடங்கும். பாலத்துக்கு முன்னால் நேராக ஒரு துண்டு ரோடு இருக்கிறது. இரண்டாவது கியரில் உருண்டுகொண்டே அங்கே லீவரை இழுத்துவிட்டால், பாலத்தில் ஏறும்போது விளக்கு நின்று எரியும்; திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்தால் வண்டி மேட்டில் தடுமாற்றமில்லாமல் ஏறிவிடும். அதே மேட்டில் வாடகை ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இது: “சேத்துல இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும் தம்பி. மாட்டினதுக்கு அப்புறம் போடறது ஃபோர் வீல் இல்ல, பிரார்த்தனை.” ஃபோர் வீலைப் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஓட்டத்தில் போடும் வசதியை ஆபத்து வந்த பிறகு கைகொடுக்கும் ஒன்றாக எண்ணக் கூடாது. ரோட்டைப் பார்த்து, இன்னும் ஐம்பது அடியில் தேவைப்படும் என்று கணித்து, நேரான இடத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்வதற்கானது அது. ஏற்றத்தில் மட்டுமல்ல, இறக்கத்திலும் இது பொருந்தும். ஈர மண்ணில் 2ஹெச்சில் இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு, அதாவது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சின் சக்கரத்தைத் தடுக்கும் விசை, பின் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடுவதால், அந்தப் பிடிப்பே பின்பக்கத்தை இழுத்துச் சறுக்கவிடும். 4ஹெச்சில் அந்தப் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் பங்காகிப் போவதால் வண்டி ரயில் போல நேராக இறங்குகிறது. மேட்டுக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை இறக்கத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. மலைத்தோட்டங்களில் வண்டிகள் பள்ளத்தில் சரிவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

4எல் அப்படியல்ல. அதற்கு வண்டியை முழுவதுமாக நிறுத்தி, கிளட்சை அடி வரை மிதித்து, பிறகுதான் லீவரை நகர்த்த வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் விகிதம் 2.002. முதல் கியரின் 4.425-ஐயும் ஆக்ஸிலின் 4.09-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் சுமார் 36 வருகிறது. எஞ்சின் 36 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 134 நியூட்டன் மீட்டர் மட்டுமே உள்ள இந்த எஞ்சின், உர மூட்டைகளோடும் நான்கு பேரோடும் செங்குத்தான கல் ரோட்டை ஏறுவது இந்தக் கணக்கால்தான். கால் எதையும் மிதிக்காமல், கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, எஞ்சினின் சும்மா ஓட்டத்திலேயே கல்லின் மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். ஹாஃப் கிளட்சில் நிறுத்தி நிறுத்தி ஏறி, கிளட்ச் கருகிய வாடையோடு மேலே போய்ச் சேர்பவர்கள் 4எல்லைப் போட்டிருந்தால் அந்தச் செலவை மிச்சப்படுத்தியிருக்கலாம். இதிலும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும் என்பதே முக்கியம். நடு மேட்டில் நிறுத்தி மாற்றுவதைவிட, அடியில் சமதளத்தில் நிறுத்தி மாற்றிவிட்டு ஏறுவதே நல்லது.

போடக் கூடாத இடத்தைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இந்த வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4ஹெச்சில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் மட்டுமே சுற்ற முடியும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் உருள்கின்றன. இந்த வண்டியின் அச்சுத் தூரம் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) 2,590 மில்லிமீட்டர், திரும்பும் ஆரம் 5.7 மீட்டர், முழு ஒடிப்பில் அரைவட்டம் அடித்தால் முன் சக்கரங்கள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கூடுதலாக உருள வேண்டியிருக்கும். மண்ணிலும் சேற்றிலும் அந்த வித்தியாசத்தை டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. அந்த இரண்டு மீட்டரும் ஷாஃப்ட்டுகளிலும் பற்களிலும் முறுக்காகச் சேர்கிறது. ஸ்டீயரிங் கனக்கும், வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும், டயர் தத்தித் தத்தி நகரும். கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழை தூறுகிறது என்று பயந்து 4ஹெச் போட்டு அதில் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் இந்த முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஈரத் தார் ரோடும் தார் ரோடுதான். அங்கே தேவை நல்ல டயரும் குறைந்த வேகமும், ஃபோர் வீல் அல்ல.

முறுக்கு ஏறிய நிலையில் 2ஹெச்சுக்குத் திரும்ப முயன்றால் லீவர் அசையாது. பல்லும் பல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும்போது அவற்றைப் பிரிக்க முடியாது என்பதுதான் காரணம். லீவர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், காலால் உதைக்கவும் வேண்டாம். நேரான இடத்தில் உருளவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை விட்டுப் பிடித்தால் முறுக்கு தளரும், அந்த நொடியில் லீவர் தானாக வந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் நிறுத்தி, சில அடிகள் நேராகப் பின்னால் எடுத்தால் போதும். மண் ரோடு முடிவதற்கு முன்பே, இன்னும் சக்கரத்துக்கு அடியில் மண் இருக்கும்போதே 2ஹெச்சுக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம். தார் ஏறிய பிறகு மாற்றுவதைவிட அது எளிது. திரும்பும்போதும் ஓட்டத்திலேயே மாற்றலாம் என்பதால் இதற்காக நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஃபோர் வீல் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கிறார்கள். பிரேக் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும்தான் போகிறது. 4ஹெச் கிளப்புவதற்கு உதவும், ஏறுவதற்கு உதவும், பிரேக் அடித்து நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. சேற்றில் சுலபமாக வேகம் எடுக்க முடிகிறதே என்று கூடுதல் வேகத்தில் போய்விட்டு, நிறுத்த முடியாமல் தவிப்பது இதனால்தான்.

ஜிம்னியில் பூட்டும் டிஃபரன்ஷியல் (ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைப்பது) இல்லை என்பதைப் பலரும் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும் அமைப்பு இருக்கிறது. குறுக்காக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, கரகரவென்று சத்தம் போட்டு, ஓரிரு விநாடி யோசித்துவிட்டு, வண்டி நகர்கிறது. அந்த ஓரிரு விநாடிகளுக்கு ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பயந்து காலை எடுத்துவிட்டால் அமைப்பும் விட்டுவிடும். எங்கள் ரோட்டுக்கு இது போதும். ஆற்றுப் பாறைகளில் ஓட்டுகிறவர்களுக்குப் போதாமல் இருக்கலாம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது ஐந்து கதவு வண்டி. உலகச் சந்தையில் இருக்கும் மூன்று கதவு வண்டியைவிட இதன் அச்சுத் தூரம் 340 மில்லிமீட்டர் அதிகம். அதனால் மேட்டு உச்சியில் அடிவயிறு தட்டாமல் கடக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்துவிட்டது. எங்கள் ரோட்டில் ஒரு வாய்க்கால் மேட்டில் அடிப்பலகை உரசுகிறது; 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருந்தும் உரசுவதற்கு இந்த நீளமே காரணம். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரிலும் எஞ்சின் 3,100 சுற்றுகளை ஒட்டி ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போகும் நேர் ரோட்டில் அந்த இரைச்சல் அலுப்பூட்டும். பின்னிருக்கையை மடிக்காவிட்டால் சாமான் வைக்கும் இடம் 208 லிட்டர்தான். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இன்னும் நான்கு கியர் பெட்டிதான் என்பதை இந்த விலையில் ஏற்றுக்கொள்வது கஷ்டம். அறிமுக விலையே 12.74 லட்சம் ரூபாயில் தொடங்கியது. வெறும் ஊர் சுற்றும் காராக இதை வாங்குகிறவருக்கு அந்தப் பணத்தில் இதைவிட வசதியான கார்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திரையில் பாட்டு கேட்பது எப்படி, கைப்பேசியை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கிய இளைஞர், சின்ன லீவரைக் காட்டி “இது ஆஃப்ரோடுக்கு சார், நிறுத்திட்டுத்தான் போடணும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 4எல்லுக்குச் சரியான அந்த வாக்கியம் 4ஹெச்சுக்கு முழுத் தவறு. கையேட்டைப் படிக்காமல் அவர் பேச்சை நம்பி வண்டியை எடுத்துப் போகிறவர் சேற்று மேட்டின் அடியில் நிறுத்திவிட்டு லீவரை இழுப்பார், ஓட்டத்தை இழப்பார், மாட்டிக்கொள்வார், பிறகு வண்டி சரியில்லை என்பார். அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை. அவருக்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு மண் மைதானத்துக்குக் கூட்டிப்போய், 20 கி.மீ. வேகத்தில் இரண்டு முறை போட்டு எடுத்துக் காட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். இந்த வண்டியை விற்கும் ஒவ்வொரு இடத்திலும் அது கட்டாயமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் பராமரிப்பு பற்றிச் சில வார்த்தைகள். கோடையில் மாதக்கணக்கில் 4ஹெச் தேவைப்படாமல் போகலாம். அப்போதும் மாதம் ஒரு முறையாவது மண் ரோட்டில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுங்கள். சும்மா கிடக்கும் முன் ஷாஃப்ட்டுக்கும் ஹப் பூட்டுக்கும் எண்ணெய் பரவி, அவை இறுகாமல் இருக்கும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து நின்று எரியாமல் போனால், ஹப்புக்குப் போகும் வெற்றிடக் குழாய்களில் விரிசலோ, சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் சீலில் கசிவோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சேற்றுத் தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிகளில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்று போட்டால் நேர் ரோட்டிலேயே 4ஹெச்சில் முறுக்கு ஏறும். டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. சர்வீஸ் ரசீதில் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆழமான ஓடையில் இறங்கிய பிறகு அந்த எண்ணெயைத் திறந்து பார்ப்பதும் அவசியம். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றிவிட வேண்டும்.